ஏடிஹெச்டி உள்ள பெண்களின் சாப்பாடும் எடையும்: எங்கிருந்து தொடங்குவது?

ஏடிஹெச்டி (ADHD: கவனம் நிலைக்காமை, அவசரத்தன்மை, துறுதுறுப்பு ஆகியவை கொண்ட மூளை வளர்ச்சி சார்ந்த நிலை) உள்ள பெண்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: "ராத்திரியானா கட்டுப்படுத்தவே முடியலை." பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் கை தானாக வாய்க்குப் போகிறது, பாக்கெட் காலியான பிறகுதான் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே உறைக்கிறது. அந்த 'ஒழுங்காக இருந்த' பகலைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு இன்னொரு காபி, மதியச் சாப்பாடு நினைவுக்கே வரவில்லை, நாலு மணிக்கு யாரோ நீட்டிய இரண்டு பிஸ்கட். பகலில் உடம்புக்கு வைத்த கடனை அது இரவில் வட்டியோடு வசூலிக்கிறது. மறுநாள் காலை எடை பார்த்துவிட்டு, குற்ற உணர்ச்சியில் காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டால் அதே சுற்று மீண்டும் தொடங்கும்.

அதனால் இந்த வழிகாட்டி எடையிலிருந்து தொடங்காது. முதலில் பகல் சாப்பாட்டுக்கு ஒரு நேரம், அடுத்து கைக்கெட்டும் உணவு, பிறகு மாத்திரை, மாலை, மாதவிடாய், கடைசியில்தான் எடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடையைக் குறைப்பதில் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் நடுவழியில் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது

பசி என்பது வயிறும் ரத்தமும் மூளைக்கு அனுப்பும் செய்தி. ஏடிஹெச்டி உள்ள பலருக்கு அந்தச் செய்தி மெல்லிய குரலில்தான் கேட்கிறது. ஒரு வேலையில் மூழ்கிவிட்டால் அதுவும் கேட்காது. தாகம், சிறுநீர் முட்டுவது, களைப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பசி தெரியவரும்போது அது சாதாரணப் பசியாக இருக்காது. கை நடுங்கி, தலை வலித்து, காரணமில்லாமல் எரிச்சல் வந்து, 'இப்பவே ஏதாவது வேணும்' என்ற கட்டத்தில் இருக்கும். அந்த நிலையில் யாரும் காய் நறுக்கிச் சமைக்க மாட்டார்கள். பாக்கெட்டைத்தான் பிரிப்பார்கள்.

இரண்டாவது காரணம் டோபமின். ஆர்வம், ஊக்கம், 'செய்தால் நன்றாக இருக்கும்' என்ற எதிர்பார்ப்பு இவற்றில் பெரும் பங்கு வகிக்கும் இந்த வேதிப்பொருளின் செயல்பாடு ஏடிஹெச்டியில் மாறுபட்டிருக்கிறது. இனிப்பும் கொழுப்பும் உப்பும் சேர்ந்த உணவு உடனடியாகக் கிடைக்கும் தூண்டுதல். சலிப்பாக இருக்கும்போது, ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் தவிக்கும்போது, மனம் நொந்திருக்கும்போது மூளை அதைத் தேடுகிறது. வயிறு நிறைந்திருந்தாலும் வாய் எதையோ கேட்பது இதனால்தான்.

மூன்றாவது, திட்டமிடல். 'சமைப்பது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், இருப்பைப் பார்க்க வேண்டும், இல்லாததை வாங்க வேண்டும், கழுவ வேண்டும், நறுக்க வேண்டும், அடுப்பில் வைத்ததை மறக்காமல் இருக்க வேண்டும், பிறகு பாத்திரம் தேய்க்க வேண்டும். இதில் ஏதோ ஒரு படியில் சிக்கினாலும் சாப்பாடு தட்டுக்கு வராது.

2016-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. ஏடிஹெச்டி இல்லாதவர்களில் சுமார் 16 சதவீதம். ஏடிஹெச்டிக்கு மருந்து எடுத்துவந்தவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. ஆனால் எல்லோருக்கும் எடை கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. சாப்பிட மறந்தே மெலிந்துபோகிறவர்களும், ஆறு மாதம் கூடி ஆறு மாதம் குறைகிறவர்களும் நிறைய உண்டு. மூன்று வகையினருக்கும் முதல் இரண்டு படிகள் ஒன்றேதான்.

பெண்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று இருக்கிறது. சிறுமிகளிடம் ஓடியாடும் துறுதுறுப்பைவிடக் கனவில் மிதக்கிற கவனமின்மைதான் அதிகம் தெரிகிறது என்பதால், கண்டுபிடிப்பது தாமதமாகிறது. பலருக்கு முப்பதிலோ நாற்பதிலோதான் தெரியவருகிறது. அதற்குள் 'சோம்பேறி', 'கட்டுப்பாடு இல்லாதவள்' என்ற பட்டங்களோடு பத்துப் பன்னிரண்டு டயட்டுகளும் வந்து போயிருக்கும். ஒவ்வொரு கடுமையான டயட்டும் அடுத்த அளவுமீறலுக்கு வழிவகுத்திருக்கும். மன உறுதி போதாததால் இது நடக்கவில்லை என்பதை முதலில் நம்புங்கள். நம்பாவிட்டால் கீழே சொல்லப்போகும் எதையும் உங்கள் மேல் இரக்கத்தோடு செய்ய முடியாது.

படி 1: ஒரு வாரம் படம் மட்டும் எடுங்கள்

உணவுக் குறிப்பேடு எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, வாயில் வைக்கும் எதையும் முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். காபி, கடைசி வாய் பிஸ்கட், பாத்திரத்திலிருந்து வழித்துத் தின்றது உட்பட. படத்தில் நேரம் தானாகப் பதிவாகிவிடும். கலோரி கணக்கு வேண்டாம், எடை பார்க்க வேண்டாம், எதையும் மாற்றவும் வேண்டாம். மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் படங்களை வரிசையாகப் பார்த்து மூன்றே விஷயங்களைக் கவனியுங்கள். விழித்ததிலிருந்து முதல் உணவுக்கு எத்தனை மணி நேரம்? ஒரு நாளில் இரண்டு உணவுகளுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளி எவ்வளவு? அளவு மீறிய வேளைகளுக்கு முன்னால் என்ன இருந்தது? ஐந்து மணி நேரத்துக்கு மேலான இடைவெளிக்குப் பின்னால்தான் உங்கள் 'கட்டுப்பாடற்ற' வேளைகள் வருகின்றன என்றால், வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. சில படங்கள் விட்டுப்போனாலும் பரவாயில்லை. நாலு நாள் படமே போதும்.

படி 2: பசிக்காகக் காத்திருக்காதீர்கள், மணிக்குச் சாப்பிடுங்கள்

'பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து' என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் பசி நேரத்துக்குத் தெரிகிறவர்களுக்கு. உங்களுக்கு இப்போதைக்குக் கடிகாரம்தான் பசி. மூன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு சிற்றுணவும். உதாரணத்துக்கு 8, 11, 2, 5, 8. உங்கள் நாள் பத்து மணிக்குத் தொடங்கினால் அங்கிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அளவுமீறிச் சாப்பிடும் கோளாறுகளுக்கான சிகிச்சையிலும் முதல் வேலை இதே சீரான இடைவெளிதான்.

அலாரம் வைப்பதில் நுணுக்கம் இருக்கிறது. 'சாப்பிடு' என்று பெயர் வைத்தால் மூளை அதை ஒரு முடிவெடுக்கும் வேலையாகப் பார்க்கும், தள்ளிப்போடும். 'ஃப்ரிட்ஜ் மேல்தட்டு, நீல டப்பா, ஸ்பூன்' என்று வைத்தால் கைக்கு வேலை கிடைக்கிறது. உணவு கையில் வரும் வரை அலாரத்தை நிறுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 'இதை மட்டும் முடிச்சிட்டு' என்று நிறுத்திய அலாரம் அநேகமாக இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். போன் சார்ஜரைச் சமையலறையில் வைத்தால் நிறுத்துவதற்கே அங்கே போக வேண்டியிருக்கும். பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் காது அந்த ஒலிக்குப் பழகி, அடிப்பதே கேட்காமல் போகும். அப்போது ஒலியை மாற்றுங்கள்.

காலையில் வயிறு மறுக்கிறது என்கிறவர்கள் முழுச் சாப்பாட்டுக்கு முயல வேண்டாம். ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் போதும். இரவுச் சாப்பாடு அளவுக்கு வர வர, காலைப் பசி தானாகத் திரும்பும். சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். காபியை இந்த உணவுக்குப் பிறகு குடியுங்கள். வெறும் வயிற்றில் குடிக்கும் காபி இருக்கிற கொஞ்சப் பசியையும் அமுக்கிவிடும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்த உடனே பாதி அளவு சாப்பிடுங்கள். அடுத்த வேளையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் இடைவெளி ஏழு மணி நேரமாகி, பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். நடைமுறையில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

படி 3: இரண்டு நிமிட உணவு

சமையலை மூன்று மட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மட்டத்தில் அடுப்பே வேண்டாம்: தயிர், வேகவைத்து வைத்த முட்டை, வேர்க்கடலை, பழம், ரொட்டியும் சீஸும், டின்னில் வரும் கொண்டைக்கடலை. இரண்டாம் மட்டம் பத்து நிமிடம், ஒரே பாத்திரம். மூன்றாவது முழுச் சமையல். வாரத்தின் எல்லா நாளும் மூன்றாம் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் போடுவதால்தான் புதன்கிழமையே எல்லாம் சரிந்துவிடுகிறது. முதல் மட்டச் சாப்பாடும் சாப்பாடுதான். அதைச் சாப்பிட்டதற்காக வெட்கப்படாதீர்கள்.

புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும் என்பதால் ஒவ்வொரு முதன்மை வேளையிலும் 20 கிராம் அளவுக்கு வருமா என்று பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு தம்ளர், அதாவது 240 மில்லி பாலில் 8 கிராம். ஒரு கப் சாதாரணத் தயிரில் ஏறக்குறைய அதே அளவு. ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம் வேர்க்கடலையில் 7. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14, 15 வரை. இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தால் 20 வந்துவிடுகிறது. தினமும் கணக்குப் போட வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்த மூன்று சேர்க்கைகளை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஏடிஹெச்டியில் கண்ணில் படாத பொருள் வீட்டில் இல்லாத பொருள்தான். ஃப்ரிட்ஜின் அடி இழுவறையில் வைத்த காய்கறி அழுகிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் ஃப்ரிட்ஜைத் தலைகீழாக அடுக்குங்கள். கழுவி நறுக்கிய பழமும் காயும் கண்மட்டத் தட்டில், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி டப்பாவில். சாஸ், ஊறுகாய், குளிர்பானம் போன்ற கெடாதவை அடி இழுவறைக்கு. நறுக்க அலுப்பாக இருந்தால் நறுக்கியதையே வாங்கலாம், உறையவைத்த காய்கறி வாங்கலாம். கொஞ்சம் விலை கூடுதல்தான். அழுகி வீசும் காயை விட மலிவு.

வாராந்தரப் பட்டியல் போட்டு 'திங்கள் இது, செவ்வாய் அது' என்று எழுதுவது பலருக்கு உதவாது. செவ்வாய் வரும்போது அதைச் சாப்பிடப் பிடிக்காது. மாறாக, உதிரிகளைத் தயார் செய்யுங்கள்: ஒரு பாத்திரம் வேகவைத்த பயறு, ஆறு முட்டை, ஒரு பெரிய டப்பா தயிர். அன்றன்றைக்கு எதையும் எதோடும் சேர்த்துக்கொள்ளலாம். வேகவைத்தவற்றை ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். டப்பாவின் மேல் தேதியை எழுதுங்கள், ஏனென்றால் என்றைக்குச் செய்தது என்பது நிச்சயமாக நினைவிருக்காது.

இன்னொன்று. ஒரே உணவை மூன்று வாரம் விடாமல் ஆசையாகத் தின்றுவிட்டு, ஒரு நாள் காலை அதைப் பார்த்தாலே குமட்டுவது ஏடிஹெச்டியில் சகஜம். அதனால் எதையும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். பிடித்தது ஒன்று, மாற்று இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கொழகொழப்பு, நார், மணம் இவற்றால் சில உணவுகள் ஒத்துவராவிட்டால் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே சத்து வேறு வடிவத்தில் கிடைக்கும்.

படி 4: மாத்திரை எடுப்பவர்களுக்கு

ஏடிஹெச்டிக்குத் தரப்படும் ஊக்க மருந்துகளான மீதைல்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் வகைகளும் பசியைக் குறைக்கும். குறுகிய நேர மீதைல்ஃபெனிடேட் மூன்று நாலு மணி நேரம் வேலை செய்யும், நீண்ட நேர வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அதற்கு மேலும் நீளலாம். ஊக்க மருந்து அல்லாத அடமாக்ஸெட்டினும் பசியைக் குறைக்கலாம்; வெறும் வயிற்றில் எடுத்தால் பலருக்குக் குமட்டும்.

இதை வைத்து நாளை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் உணவு மாத்திரைக்கு முன்னால், அல்லது மாத்திரையோடு. அதற்குப் பிறகு பசி வராது என்று தெரிந்துகொண்டே மதியச் சாப்பாட்டு மணியை மதியுங்கள். மெல்லவே முடியாத நாட்களில் குடிக்கும் உணவு எளிது: பால், தயிர், பழம், கடலை வெண்ணெய் சேர்த்து அடித்த ஒரு பெரிய தம்ளர். மருந்தின் வேகம் எப்போது இறங்குகிறது என்பதை முதல் வாரப் படங்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத் திரும்பும்: நாள் முழுதும் அமுங்கிக் கிடந்த பசி, கூடவே கட்டுப்படுத்த முடியாத அவசரம். மருந்து ஐந்தரைக்கு இறங்கும் என்றால் ஐந்து மணிக்கே புரதமுள்ள சிற்றுணவை முடித்துவிடுங்கள். மாலையில் நடக்கும் அளவுமீறல்களை இந்த ஒரு மாற்றம் தணிக்கலாம்.

'மாத்திரைதான் எடையைக் குறைக்கிறதே, சாப்பிடாமல் விட்டால் இன்னும் நல்லதுதானே' என்ற எண்ணம் வரும். ஆபத்தான எண்ணம் அது. சாப்பாடில்லாத நாளில் மருந்தின் நன்மையும் குறைவாகத்தான் தெரியும்: தலைவலி, படபடப்பு, எரிச்சல், மாலையில் சோர்ந்து விழுவது. இவற்றைப் பலர் மருந்தின் பக்க விளைவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பட்டினியின் பங்கு அதில் கணிசம்.

லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினை 2015-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் எனப்படும் அளவுமீறிச் சாப்பிடும் நோய்க்கும் அனுமதித்தது. எடைக் குறைப்புக்கு அந்த அனுமதி கிடையாது. இன்னொரு எச்சரிக்கை: சில நேரம் ஏடிஹெச்டிக்காகவும் எழுதப்படும் புப்ரோபியான் என்ற மருந்தை, புலிமியாவோ (அளவுமீறிச் சாப்பிட்டு, அதை வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டும் கோளாறு) அனோரெக்ஸியாவோ (எடை கூடும் பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கும் கோளாறு) இப்போது இருப்பவர்களும் முன்பு இருந்தவர்களும் எடுக்கக் கூடாது, வலிப்பு வரும் ஆபத்து கூடும். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்தான். ஆனாலும் மருந்து எழுதும் முன் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம், ஊக்க மருந்தும் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஏடிஹெச்டி மருந்து எடுக்கும் பெரியவர்களின் எடையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. எடை குறைந்தால் மாத்திரையை உணவோடு அல்லது உணவுக்குப் பின் எடுப்பது, மருந்து இறங்கிய பின் கூடுதல் சிற்றுணவு, மருந்தை மாற்றுவது ஆகிய வழிகளையும் சொல்கிறது. ஆகவே உங்கள் டாக்டரிடம் இப்படி நேராகவே கேட்கலாம்: "டாக்டர், மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து மதியம் பசியே எடுக்கறதில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒரேயடியா சாப்பிடறேன். மூணு மாசத்துல இத்தனை கிலோ மாறியிருக்கு. அளவையோ நேரத்தையோ மாத்திப் பார்க்கலாமா?" நீங்களாக அளவைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலும், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலும், பாலூட்டினாலும் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

படி 5: மாலை நேரம்

சமையலறை வாசலில் நின்று ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, மூடி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி திறக்கிறீர்கள். இது வயிற்றுப் பசியா, மூளை கேட்கும் தூண்டுதலா? ஒரு கேள்வி போதும்: 'வெறும் வேகவைத்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?' ஆம் என்றால் பசி, உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுங்கள். முட்டை வேண்டாம், குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்றால் பெரும்பாலும் மூளைக்குத்தான் தீனி வேண்டும். அப்போது உடலுக்கு வேறு தூண்டுதல் கொடுத்துப் பாருங்கள்: ஐஸ் போட்ட தண்ணீர், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, சத்தமாக ஒரு பாட்டு, படியேறி இறங்குவது, கைக்கு ஏதாவது வேலை. பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் சாப்பிடுங்கள். ஒரே நிபந்தனை, பாக்கெட்டிலிருந்து நேராக வேண்டாம். ஒரு கிண்ணத்தில் எடுத்து, பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு, உட்கார்ந்து. திரையைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து தின்றால் நிறுத்தும் இடம் பாக்கெட்டின் அடிதான்.

எந்த உணவையும் 'இனி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது' என்று தடை செய்யாதீர்கள். தடை செய்ததைத்தான் மூளை இரவெல்லாம் நினைக்கும். சிறிய பாக்கெட்டாக வாங்குவதும், எழுந்து எடுக்க வேண்டிய உயரத்தில் வைப்பதும் போதும். உணவு ஆர்டர் செய்யும் ஆப்பில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்கிவிடுங்கள். எண்ணைத் தட்டும் அந்த ஒரு நிமிடத்தில் பல ஆர்டர்கள் நின்றுபோகும்.

தூக்கம் பற்றி ஒன்று மட்டும். தூக்கம் குறைந்த மறுநாள் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, இனிப்பு நாட்டம் கூடுகிறது. இரவு ஒரு மணி வரை விழித்திருப்பவர் நான்காவது வேளையும் சாப்பிடுவார், அது இயல்பு. முழு நேரத்தையும் ஒரேயடியாக மாற்ற முயலாமல், படுக்கும் நேரத்தை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள்.

படி 6: மாதவிடாய்ச் சுழற்சி

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் டோபமினின் செயல்பாட்டோடு தொடர்புடையது. சுழற்சியின் கடைசி ஒரு வாரம் பத்து நாளில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது, பல பெண்களுக்கு ஏடிஹெச்டி அறிகுறிகள் கூடுகின்றன. மாத்திரையே வேலை செய்யாதது போலத் தோன்றுகிறது. அதே நாட்களில் பசியும் கூடுகிறது. மாதா மாதம் அந்த வாரத்தில் திட்டம் உடைந்து, 'மறுபடி தோற்றுவிட்டேன்' என்று நினைப்பவர்கள் நாட்காட்டியில் குறித்துப் பார்த்தால் திகைத்துப் போவார்கள்.

அந்த வாரத்துக்கு விதிகளைத் தளர்த்துங்கள். நடுவில் ஒரு சிற்றுணவைக் கூட்டுங்கள், சமையலை முதல் மட்டத்துக்கு இறக்குங்கள், கையிருப்பை முந்தின வாரமே வாங்கி வையுங்கள். மாதவிடாய்க்கு முன் உடலில் நீர் தங்குவதால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடத் தெரியலாம், அது கொழுப்பல்ல. இரண்டு மூன்று சுழற்சி குறித்துவைத்து டாக்டரிடம் காட்டினால், அந்த நாட்களுக்கு மட்டும் மருந்தில் மாற்றம் தேவையா என்று அவர் பார்ப்பார். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பல ஆண்டுகள் சமாளித்துவந்த பெண்களுக்குக் கூட எல்லாம் கைமீறிப் போவதாகத் தோன்றும். அப்போது மகளிர் மருத்துவரையும் பார்ப்பது அவசியம்.

ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூளை டோபமினைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். களைப்பும் கவனமின்மையும் அதனாலும் வரும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

படி 7: இப்போதுதான் எடை

சீரான சாப்பாடு குறைந்தது இரண்டு மாதமாவது நிலைக்கட்டும். சிலருக்கு அதிலேயே எடை நின்றுவிடும், அல்லது மெல்ல இறங்கும். அதற்குப் பிறகும் குறைய வேண்டும் என்றால் முதலில் தைராய்டு, ரத்தச் சர்க்கரை, மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வேறு மருந்துகளையும் கவனியுங்கள். மிர்டாஸபின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகளும் ஓலான்ஸபின் போன்ற மனநோய் மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை. காரணம் அங்கே இருந்தால் சாப்பாட்டைக் குறைத்துப் பயனில்லை.

கலோரி ஆப் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. முதல் வாரம் வெறியோடு பதிவாகும், இரண்டாம் வாரம் விட்டுப்போகும், விட்டுப்போனதும் 'எல்லாம் போச்சு' என்று சாப்பாடும் கட்டறுந்துவிடும். விரதம் இருக்கும் முறைகளும் அப்படியே. நீண்ட இடைவெளிதான் உங்கள் சிக்கலே, அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துத் தொடர்வதாகிவிடும். பதிலாக ஒரே ஒரு மாற்றம், ஒரு மாதத்துக்கு: இனிப்பான பானத்துக்குப் பதில் தண்ணீர், அல்லது இரவுத் தட்டில் பாதிக்குக் காய்கறி. எடையை வாரம் ஒரு முறைக்கு மேல் பார்க்க வேண்டாம். எண் உங்கள் நாளையே கெடுக்கிறது என்றால் மாதம் ஒரு முறை, சுழற்சியின் அதே நாளில் பாருங்கள்.

எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் காத்திருக்கக் கூடாது. திட்டமிடாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, டாக்டரைப் பார்க்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 18.5-க்குக் கீழே போனாலும், மயக்கம் வந்தாலும், மூன்று மாதமாக மாதவிடாய் வராவிட்டாலும் அப்படியே.

எப்போது இந்த வழிகாட்டி போதாது

வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, குறுகிய நேரத்தில் மிக அதிகம் சாப்பிட்டு, அப்போது நிறுத்தவே முடியாத உணர்வும் இருந்தால் அது பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டராக இருக்கலாம். பசியே இல்லாமல் சாப்பிடுவது, வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும் வரை சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்னையே வெறுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுத்தாலோ, பேதி மாத்திரை போட்டாலோ, பட்டினி கிடந்தாலோ, வெறிபிடித்தது போல் உடற்பயிற்சி செய்தாலோ புலிமியாவாக இருக்கலாம். ஏடிஹெச்டி உள்ள பெண்களிடம் இவை கூடுதலாகவே காணப்படுகின்றன. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஏடிஹெச்டியையும் உணவுக் கோளாறையும் சேர்த்துப் பார்க்கும் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் பலன் பாதியில் நிற்கும். நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், வாந்தியில் ரத்தம் வந்தால் அவசரச் சிகிச்சைக்கே போக வேண்டும்.

விட்டுப்போன பிறகு எப்படித் திரும்புவது

விட்டுப்போகும். பயணம், காய்ச்சல், வேலைச் சுமை, அல்லது காரணமே இல்லாமல். அப்போது எல்லாப் படிகளையும் ஒரே நாளில் மீட்க முயலாதீர்கள். முதல் மூன்று நாள் இரண்டே அலாரம்: விழித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டுக்கும் முதல் மட்ட உணவு. நாலாம் நாள் மாலைச் சிற்றுணவைச் சேருங்கள், அடுத்த வாரம் மற்ற இரண்டையும். முந்தின இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலைச் சாப்பாடு வழக்கமான அளவில், வழக்கமான நேரத்தில். இதற்குத் தேவையான பொருட்களின் பட்டியலை இப்போதே போனில் எழுதி, 'திரும்பத் தொடங்க' என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்: முட்டை, பால், தயிர், வாழைப்பழம், வேர்க்கடலை, ரொட்டி.